மாசியில அவரை போடாதீங்க

போன மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில தங்கச்சி மகன் போன் பண்ணான். மேடவாக்கத்துல ஃப்ளாட், ஓ.எம்.ஆர்.ல வேலை. "மாமா, ஸ்பிரிங் ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஃபேமிலியா சேர்ந்து காய்கறித் தோட்டம் போடலாம்னு இருக்கோம். மொட்டை மாடிக்கு அசோசியேஷன்ல பர்மிஷன் வாங்கிட்டேன். நீங்க வந்து ஒரு பார்வை பாருங்க"ன்னான்.

ஸ்பிரிங்காம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஆனா கேக்குறது மருமான். வண்டிய எடுத்துட்டுப் போனேன்.

மாடியில இருபது க்ரோ பேக் வரிசையா நிக்குது. கோகோபீட் கட்டி, மண்புழு உரம், பூவாளி, பூப்போட்ட கையுறை, பிள்ளைங்களுக்குச் சின்னதா ரெண்டு மண்வாரி. ஆறாயிரத்து நானூறு ரூபா ஆச்சுன்னான். விதைப் பாக்கெட்டைக் கையில வாங்கிப் பார்த்தேன். ப்ரோக்கோலி, கேரட், லெட்யூஸ், செர்ரி தக்காளி, பந்தல் அவரை.

அதுல அவரை ஒண்ணுதான் நம்மூருது. அதையும் தப்பான மாசத்துல வாங்கியிருக்கான்.

இந்தப் பதிவைப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் சிட்டியில இருக்கறவங்க. மார்ச் வந்தா உங்கள்ல நிறைய பேருக்குத் தோட்ட ஆசை வருது, எனக்கும் நாலஞ்சு பேர் எழுதிக் கேக்குறீங்க. அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறேன்.

அமெரிக்காக்காரனுக்கு மார்ச் மாசம் தோட்டம் ஆரம்பிக்கிறதுல அர்த்தம் இருக்கு. நாலு மாசம் மண்ணு உறைஞ்சு கிடந்து, அப்பதான் இளகுது. 2009 மார்ச் 20ஆம் தேதி, அவங்க வசந்தத்தோட முதல் நாள்னு சொல்ற அன்னிக்கு, மிஷெல் ஒபாமா வெள்ளை மாளிகைப் புல்தரையில பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கூட்டிவந்து மண்ணைக் கொத்தினாங்க. டிவியில நானும் பார்த்தேன். அந்தக் குளிருக்கும் அந்த வெயிலுக்கும் அது சரியான நாள். நமக்கு? நம்ம முன்னோர் ஆறு பருவம் வச்சிருக்காங்க. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். பேருதான் இளவேனில், அதுக்குள்ளதான் அக்னி நட்சத்திரமே வருது. சென்னையில அந்த ரெண்டு மாசம் கான்கிரீட் மாடியில காலை வச்சுப் பாருங்க, புரியும்.

அதுக்காக மாசியில ஒண்ணுமே போடக் கூடாதுன்னு இல்லை. போடலாம். வெண்டை, கொத்தவரை, கத்திரி, வெள்ளரி, புடல், பாகல், பீர்க்கு, பூசணி, தண்டுக்கீரை, முளைக்கீரை எல்லாம் வெயில் தாங்குற சாதி. தை மாசமே போட்டிருந்தா கொடிவகைக்கு இன்னும் நல்லது. தக்காளி பூக்கும், ஆனா ராத்திரியிலயும் சூடு இறங்காத சித்திரையில பூவெல்லாம் உதிர்ந்துடும். வெந்தயமும் கொத்தமல்லியும் வேகத்துல பூவெடுத்து முத்திடும். கேரட்டும் ப்ரோக்கோலியும் பத்தி நான் பேசவே போறதில்லை, ஊட்டிக்காரங்ககிட்ட விட்டுடுங்க.

அவரைக் கதை வேற. பந்தல் அவரை பகல் பொழுது குறையறதைப் பார்த்துத்தான் பூக்கும். மாசியில விதைச்சா கொடி நல்லா ஏறும், பச்சைப்பசேல்னு பந்தல் மூடும், வர்றவன் போறவன் எல்லாம் போட்டோ எடுப்பான். ஒரு பூ இருக்காது. பிள்ளைங்க தினம் தண்ணி ஊத்தி ஊத்திப் பார்த்து ஏமாந்து போகும். ஆடியில விதைச்சா மார்கழி, தையில கொத்துக் கொத்தாக் காய்க்கும். செடி அவரைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு இந்தக் கணக்கு கிடையாது. ஆனா பாக்கெட்டு மேல இதெல்லாம் எவன் எழுதறான்? ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க.

அரசாங்கமும் மாடித்தோட்டத்துக்கு நிறைய செஞ்சிருக்கு, சொல்லாம விட்டா பாவம். 2013-14லயே சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் தோட்டக்கலைத் துறை மானியத்துல பை, தென்னைநார்க் கழிவுக் கட்டி, காய்கறி விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, வேப்பம் பூச்சிமருந்துன்னு ஒரு தொகுப்பாக் குடுக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் 2021ல முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்னு வந்தப்ப சிட்டிக்காரங்களுக்கு அந்தக் கிட் 225 ரூபாய்க்குக் கிடைச்சுது. ஆறாயிரத்து நானூறை வீசிட்டு நிக்கிற மருமான்கிட்ட இதைச் சொன்னேன். அவன் பொண்டாட்டி அவனைப் பார்த்தா ஒரு பார்வை.

அங்க நின்னுட்டு இருக்கும்போதுதான், யோசிக்காம ஒரு வார்த்தை விட்டேன். "இதெல்லாம் எதுக்குப்பா, நம்ம கயனியில வந்து போடுங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க."

சொன்னதுக்கப்புறம்தான் உறைச்சுது. அந்த நிலத்தைப் பத்தி எங்க வீட்டுல ஒரு வருஷமா பேச்சு ஓடிட்டு இருக்கு.

கோவிலம்பாக்கத்துல எங்களுக்கு மிச்சம் இருக்கறது பதினெட்டு சென்ட். வீட்டுக்குப் பின்னாடி, கிணத்தோட சேர்ந்தது. இங்க இப்ப யாரும் சென்ட்டுல பேசறதில்லை. புரோக்கர் வந்தா மூணேகால் கிரவுண்டுன்னுதான் சொல்றார். இருநூறடி ரோடு வந்ததுக்கப்புறம் இந்தப் பக்கம் மண்ணுக்கு இருக்கற மரியாதை மண்ணுக்காக இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். நிலம் எங்க அப்பா பேருல இருந்தது, எனக்கும் தங்கச்சிக்கும் சரிபாதி. அவ பங்கை வித்துத் தரச் சொல்லிக் கேக்குறா. தப்பு சொல்ல மாட்டேன். ஃப்ளாட் லோன் இருக்கு, ரெண்டு பேரப் பிள்ளைங்க படிப்பு இருக்கு. அவ கேக்குறது அவ பங்கு.

அப்படி இருக்கற நிலத்துல அவ மகனையே கூப்பிட்டுத் தோட்டம் போடச் சொன்னா, அண்ணன் இதுல ஏதோ கணக்கு வச்சிருக்கான்னு நினைக்க மாட்டாளா? நினைச்சா. போன்லயே கேட்டா, "இன்னாண்ணா, பிள்ளைங்களைக் காட்டி என் வாயை அடைக்கப் பாக்குறியா?"ன்னு. அப்படி இல்லம்மான்னு சொன்னேன். கொஞ்சம் அப்படியும்தான்னு இங்க எழுதறதுல எனக்கு வெக்கம் இல்லை.

சரி, தோட்டத்துக்கு வர்றேன்.

முதல் ஞாயிறு அஞ்சு பேரும் வந்தாங்க. தங்கச்சி, மருமான், மருமக, ஒம்பது வயசுப் பேத்தி, அஞ்சு வயசுப் பேரன். மூணு சென்ட் அளவுக்குத்தான் ஒதுக்கினோம். ஜிம்முக்குப் போற மருமான் மம்முட்டி பிடிச்சு அரைமணி நேரத்துல கையில கொப்பளம் போட்டு உக்காந்துட்டான். தங்கச்சி சேலையை இழுத்துச் செருகிட்டு, நாப்பது வருஷமா மம்முட்டியே தொடாதவ, ரெண்டு பாத்தி கட்டி முடிச்சா. வரப்பு நூல் பிடிச்ச மாதிரி இருந்துது. கை மறக்காது போல. பேத்தி அசந்து போய், "ஆயா, உனக்கு இதெல்லாம் தெரியுமா?"ன்னு கேட்டா. அந்தப் பொண்ணுக்கு அவ ஆயா சீரியல் பாக்கும், தோசை சுடும், அவ்வளவுதான் தெரியும். இந்த ஊர்ல சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு போகம் நெல்லு வெளைஞ்சதும், இதே கயனியில அவ ஆயா நாத்து நட்டதும் அதுக்கு யார் சொல்லியிருப்பா?

ஆளுக்கு ஒரு பாத்தின்னு பிரிச்சேன். இதை அழுத்திச் சொல்றேன். குடும்பத்தோட தோட்டம் போடறோம்னு சொல்ற நிறைய வீட்டுல நான் பார்த்தது என்னன்னா, வாங்கறது ஆம்பளை, போட்டோ எடுத்துப் போடறது ஆம்பளை, மூணாவது வாரத்துல இருந்து தண்ணி ஊத்தறது அந்த வீட்டுப் பொம்பளை, இல்லைன்னா வயசான மாமியார். செடி காய்ஞ்சா திட்டு வாங்கறதும் அவங்கதான். எட்டு வேலையோட ஒம்பதாவது வேலையா அவங்க தலையில ஏத்துறதுக்குப் பேர் குடும்பத் தோட்டம் இல்லை. பிள்ளைங்களுக்கும் தனிப் பாத்தி வேணும். அது காய்ஞ்சாலும் பெரியவங்க ராத்திரியில போய் யாருக்கும் தெரியாம தண்ணி விடக் கூடாது. எங்க பேரன் போட்ட வெள்ளரி பாதி முளைக்கவே இல்லை. முளைச்சுதான்னு பாக்கறதுக்காக விதையைத் தினமும் தோண்டித் தோண்டி எடுத்திருக்கான்.

ஞாயிறு மட்டும் வந்தாப் போதுமா? போதாது. தினத் தண்ணி என் பொறுப்பு, என் வீட்டுக்காரி பொறுப்பு. ஆனா புதன்கிழமை சாயங்காலம் மருமக ஆபீஸ் விட்டு நேரா இங்க வந்து ஒரு மணி நேரம் களை எடுத்துட்டுப் போவா. யாரும் சொல்லலை, அவளா வந்தா. அந்த ஒரு மணி நேரம் போனை எடுத்து மோட்டார் ரூம் சுவத்து மேல வச்சிடுவா.

தண்ணி பத்திச் சொல்லணும். இதைச் சொல்லாம தோட்டத்தைப் பத்தி மட்டும் எழுதினா நான் பொய்யன்.

எங்க தாத்தா கவலை ஏத்தத்துல இறைச்ச கிணறு. அப்பா அஞ்சு ஹெச்.பி. மோட்டார் போட்டார். நான் என்ன பண்ணேன்? லாரிக்கு வித்தேன். சுத்துப்பட்டுல கிணறு வச்சிருந்த பல பேர் செஞ்சதுதான். நெல்லுல நாலு மாசம் உழைச்சு வர்ற காசு, பன்னெண்டாயிரம் லிட்டர் லாரி நாலு நாள் வந்துட்டுப் போனா வந்துடும். மோட்டார் சுவிட்சைத் தட்டினா போதும், இருபது நிமிஷத்துல ஒரு லோடு. அந்தத் தண்ணியில ஓ.எம்.ஆர். ஃப்ளாட்டுங்க குளிச்சுது, தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு நான் சீர் செஞ்சதும் அந்தக் காசுலதான். 2006க்கு அப்புறம் கயனியில நெல்லு வைக்கலை. ஆள் கிடைக்கலைன்னு வெளிய சொல்லிக்குவேன்.

2019 உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். சென்னைக்குத் தண்ணி குடுக்கற ஏரிங்க வறண்டு, குடத்தைத் தூக்கிட்டு ராத்திரியில அலைஞ்ச வருஷம். அந்த ஜூன் மாசம் எங்க கிணத்துல சேறு தெரிஞ்சுது. என் ஆயுசுல முதல் தடவை. அப்புறம் மழை பேஞ்சு தண்ணி வந்தது, ஆனா ருசி பழையபடி வரலை. உப்பு. இப்பவும் வாய்க்கா ஓரம் வெள்ளையாப் பூத்து நிக்கும். லாரியை அதோட நிறுத்திட்டேன்.

கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்குப் போயி, அங்க இருந்து பள்ளிக்கரணை சதுப்புக்குப் போற தண்ணி பாதையிலதான் நாங்கல்லாம் உக்காந்திருக்கோம். அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022ல ராம்சர் அங்கீகாரமும் வந்தாச்சு. மழை பேஞ்சா தெருவுல இடுப்பளவுத் தண்ணி, 2015லயும் பார்த்தோம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் பார்த்தோம். நாலு மாசம் கழிச்சுக் கேட்டா குடிக்க லாரி. ஒரு பதினெட்டு சென்ட் சும்மா கிடந்தா அது ஊறவிடற தண்ணி ரொம்பப் பெருசுன்னு நான் கதை விடலை. ஆனா கான்கிரீட் போட்டா அதுவும் கிடையாது.

உப்புத் தண்ணியில செடி வருமான்னு கேப்பீங்க. வெண்டையும் கத்திரியும் ஓரளவு தாங்கும். எரு நிறையப் போடணும், வைக்கோலோ காஞ்ச இலையோ மூடாக்குப் போடணும். தண்ணியை மதியத்துல விடாம காலையிலயும் சாயங்காலமும் விடணும். வீட்டுல அரிசி, பருப்பு கழுவின தண்ணியைக் கீரைக்குக் கொண்டு போங்க. ஆர்.ஓ. மெஷின்ல வெளிய தள்ளுற தண்ணியைச் செடிக்கு ஊத்தாதீங்க, உப்பை ஒதுக்கி அனுப்புற தண்ணி அது. நிறைய பேர் சேமிக்கிறோம்னு நல்ல மனசோட அதைத்தான் ஊத்தறீங்க.

இருபத்து மூணாவது நாள் முளைக்கீரை பறிச்சோம். நாலடிக்குப் பத்தடிப் பாத்தி. கட்டிப் பார்த்தா பதினாலு கட்டு. மருமான் செல்போன்ல கணக்குப் போட்டான். "மாமா, ஒரு கட்டு இருவது ரூபான்னு வச்சாக்கூட 280 ரூபா. இதுக்கா இவ்ளோ வேலை?" நான் சொன்னேன், "இருவது ரூபா நீ குடுக்கறதுப்பா. கடைக்கு நான் போட்டா எனக்குக் கட்டுக்கு எட்டு ரூபா." அவன் திரும்பப் போட்டுப் பார்த்தான். 112 வந்துது. விதை, எரு, இருபத்து மூணு நாள் ரெண்டு வேளைத் தண்ணி. அப்புறம் ரொம்ப நேரம் பேசலை.

அதனால காசு மிச்சம் பிடிக்கத் தோட்டம் போடறேன்னு யாராவது சொன்னா நான் நம்பறதில்லை. வீட்டுக்குத் தேவையான காய் பூரா மாடியிலயே வெளையும்னு வீடியோ போடறவங்களையும் நம்பறதில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்காவுல வீட்டுத் தோட்டம் போட்டு நாட்டோட காய்கறியில பெரிய பங்கை வெளையவச்சாங்கன்னு ஒரு நண்பர் எனக்கு எழுதியிருந்தார். உண்மைதான். அவங்களுக்கு வீட்டைச் சுத்தி மண்ணு இருந்துது. உங்களுக்கு இருக்கறது இருபது பை. அதுல குழம்புக்கு வாரம் ரெண்டு நாள் காய் வந்தா நீங்க கெட்டிக்காரர்.

வெண்டை நாப்பத்தஞ்சு நாள்ல காய்ப்புக்கு வந்துது. நாலு தடவை பறிச்சு நாலரைக் கிலோ. அஞ்சாவது வாரத்துலயே சில செடியில இலை நரம்பு மஞ்சளா ஓடிச்சு. மஞ்சள் தேமல். வெள்ளை ஈ பரப்பறது, வெயில் காலத்துல கூடுதலா வரும். வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான். அது பேத்தியோட பாத்தி. பதினோரு செடி பிடுங்கணும்னு சொன்னேன். அழுதா. காய் இருக்கு தாத்தா, காய் இருக்குன்னு செடியைப் பிடிச்சுக்கிட்டா. தங்கச்சிதான் பக்கத்துல உக்காந்து, விட்டா மத்த செடிக்கும் போகும்மான்னு சொல்லி, கூடவே அவளும் பிடுங்கினா. ஒவ்வொண்ணாப் பிடுங்கி வரப்புல வச்சுது அந்தப் பொண்ணு, எண்ணிக்கிட்டே. மிச்சச் செடிக்கு வேப்பெண்ணையில கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்துல அடிச்சோம். ஏழு செடி இன்னும் நிக்குது.

இப்ப சித்திரை கடைசி. கத்திரி இருக்கு. பூசணிக் கொடி கிணத்து மேடு பூராவும் ஓடி, மூணு காய் விட்டிருக்கு. மாடியில இருந்த இருபது பையையும் மருமான் கொண்டுவந்து இங்க கொட்டிட்டான், அந்த நார்க்கழிவு மூடாக்குக்கு ஆச்சு. ப்ரோக்கோலிப் பாக்கெட் மட்டும் பிரிக்காம அவன் வீட்டு ஃப்ரிட்ஜுல இருக்காம்.

போன வாரம் புரோக்கர் வந்தார். தங்கச்சி இங்கதான் இருந்தா, கத்திரிக்குக் களை கொத்திட்டு. ஒரு பார்ட்டி ரெடியா இருக்கு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா போதும்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், ஆம்பளைன்னு. நான் தங்கச்சியைப் பார்த்தேன். உன் பங்கு, நீ என்ன சொன்னாலும் நான் குறுக்க நிக்க மாட்டேன்னு முதல்லயே சொல்லிட்டேன் அவகிட்ட. அவ களைக்கொத்தைக் கீழ வைக்காமலே, "பூசணி பறிக்கணும், அப்புறம் பாக்கலாம்"னா. அவர் சிரிச்சுட்டு, "சரிம்மா, ஆனியில முடிக்கலைன்னா ஆடியில யாரும் பத்திரம் பண்ண மாட்டாங்க, ஆவணிதான்"னு சொல்லிட்டுக் கிளம்பினார்.

லோன் அப்படியேதான் இருக்கு. ஆவணியில அவர் வருவார்னும் தெரியும். பேத்திதான் அந்த அவரை விதைப் பாக்கெட்டைப் பிரிச்சு, விதையில சாம்பல் புரட்டி, துணியில முடிஞ்சு மோட்டார் ரூம்ல ஆணியில தொங்கவிட்டிருக்கா. ஆடி எப்ப தாத்தா வரும்னு ஒவ்வொரு ஞாயிறும் கேக்குறா. ஜூலை நடுவுலன்னு சொல்லியிருக்கேன். பந்தலுக்குச் சவுக்குக் கம்பு பன்னெண்டு வேணும், யாராவது இந்தப் பக்கம் விலை குறைவாத் தர்றவங்க இருந்தா சொல்லுங்க.